வாடகைச் சொத்து மறுகடன்

வாடகைச் சொத்து மறுகடன் என்பது, வாடகைக்கு விடப்பட்ட வீடு, கடை அல்லது கிடங்கின் மீது ஏற்கனவே உள்ள கடனைப் புதிய கடன் ஒன்றைக் கொண்டு அடைப்பதையோ, அச்சொத்தை ஈடாக வைத்து மேலும் பணம் பெறுவதையோ குறிக்கும். இந்தியாவில் இது பேச்சுவழக்கில் கடன் மாற்றம், பேலன்ஸ் டிரான்ஸ்பர், டேக்-ஓவர் எனவும், கூடுதல் தொகை பெறப்படும்போது டாப்-அப் எனவும் வழங்கப்படுகிறது. வட்டியைக் குறைத்தல், மாதத் தவணையைக் குறைத்தல், கட்டடத்தைப் பழுதுபார்க்கவோ விரிவாக்கவோ பணம் திரட்டுதல் ஆகியன இதன் முதன்மை நோக்கங்களாகும்.

மறுகடனில் பல வகைகள் உள்ளன. எந்த வகை பொருத்தமானது என்பது வட்டி வீதத்தை மட்டும் கொண்டு முடிவாவதில்லை. எஞ்சியுள்ள தவணைக் காலம், புதிய பணத்தின் பயன்பாடு, வாடகை வருவாயின் உறுதி, அவ்வருவாய்க்கான எழுத்துச் சான்று ஆகிய நான்கும் முடிவைத் தீர்மானிக்கின்றன. இக்கட்டுரை இந்திய நடைமுறையை, குறிப்பாக வடசென்னையின் காட்டுப்பள்ளி, எண்ணூர், திருவொற்றியூர் தொழிற்பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

சொல் விளக்கம்

"மறுநிதியளிப்பு" என்னும் சொல் இந்திய வங்கித்துறையில் இரு பொருள்களில் ஆளப்படுகிறது. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1988 ஜூலையில் தொடங்கப்பட்ட தேசிய வீட்டுவசதி வங்கி, வீட்டுக்கடன் வழங்கும் நிறுவனங்களுக்கு நிதி அளிப்பது முதற்பொருள். ஒரு தனிநபர் தம் பழைய கடனைப் புதிய கடனால் அடைப்பது இரண்டாம் பொருள். இக்கட்டுரையில் இரண்டாம் பொருளே கொள்ளப்படுகிறது.

பின்னணி

ஐக்கிய அமெரிக்காவில் வீட்டுக்கடன்கள் பெரும்பாலும் முப்பது ஆண்டுக்கால நிலையான வட்டியில் வழங்கப்படுகின்றன. சந்தையில் வட்டி குறையும்போது பழைய கடன்காரருக்கு அதன் பயன் தானாகக் கிடைக்காது. எனவே அங்கு வட்டி வீழ்ச்சி ஒவ்வொன்றையும் தொடர்ந்து மறுகடன் பெறுவோர் தொகை பெருகுகிறது.

இந்தியாவில் பெரும்பாலான வீட்டுக்கடன்கள் மாறும் வட்டி கொண்டவை. கோட்பாட்டின்படி சந்தை வட்டி குறைந்தால் பழைய கடனின் வட்டியும் குறைய வேண்டும். ஆனால் நெடுங்காலம் வங்கிகள் புதிய வாடிக்கையாளருக்குக் குறைந்த வட்டியும் பழைய வாடிக்கையாளருக்குக் கூடிய வட்டியும் விதித்து வந்தன. இந்த இடைவெளியே இந்தியாவில் கடன் மாற்றம் பரவியதற்கு முதன்மைக் காரணம்.

இதனைச் சீர்செய்ய இந்திய ரிசர்வ் வங்கி வட்டி நிர்ணய முறையைப் பலமுறை மாற்றியது:

- 2003: முதன்மைக் கடன் வீதத்தின் அடிப்படை அளவுகோல் (பி.பி.எல்.ஆர்) அறிமுகமானது.
- 2010 ஜூலை 1: அடிப்படை வீத முறை நடைமுறைக்கு வந்தது.
- 2016 ஏப்ரல் 1: நிதியின் இறுதிநிலைச் செலவைச் சார்ந்த கடன் வீதம் (எம்.சி.எல்.ஆர்) நடைமுறைக்கு வந்தது.
- 2019 அக்டோபர் 1: வங்கிகள் தனிநபர்களுக்கு வழங்கும் புதிய மாறும் வட்டிக் கடன்கள் ரெப்போ வீதம் போன்ற வெளி அளவுகோல் ஒன்றுடன் இணைக்கப்பட்டன. மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் வட்டி மறுநிர்ணயம் செய்யப்பட வேண்டும்.

வெளி அளவுகோல் விதி வங்கிகளுக்கு உரியது. வீட்டுவசதி நிதி நிறுவனங்களும் பிற வங்கிசாரா நிறுவனங்களும் தத்தம் சொந்த அளவுகோலைப் பின்பற்றுகின்றன. முந்தைய முறைகளின் கீழ் கடன் பெற்றவர்கள் தாமாக மாறாதவரை அம்முறைகளிலேயே தொடரவும் கூடும். எனவே தம் கடன் எந்த அளவுகோலின் கீழ் உள்ளது என்பதைக் கடன் ஒப்பந்தத்தில் பார்த்து அறிவது முதற்படியாகும்.

ரெப்போ வீதம் 2020 மே மாதத்தில் 4.00 விழுக்காடாக இருந்தது. 2022 மே முதல் உயரத் தொடங்கி 2023 பெப்ரவரியில் 6.50 விழுக்காட்டை எட்டியது. 2025 பெப்ரவரியில் மீண்டும் குறையத் தொடங்கி, அவ்வாண்டு டிசம்பரில் 5.25 விழுக்காடானது. இவ்வாறான ஏற்ற இறக்கங்களின்போதே மறுகடன் பற்றிய கேள்வி கூர்மையடைகிறது.

முன்கூட்டியே அடைப்பதற்கான கட்டணம்

பழைய கடனை முன்கூட்டியே முடிப்பதற்கு விதிக்கப்பட்ட தண்டக் கட்டணம் முன்னர் கடன் மாற்றத்திற்குப் பெருந்தடையாக இருந்தது. மாறும் வட்டி கொண்ட வீட்டுக்கடன்களுக்கு வங்கிகள் இக்கட்டணம் வசூலிப்பதை 2012 ஜூன் மாதத்தில் ரிசர்வ் வங்கி தடைசெய்தது. 2014இல் இத்தடை தனிநபர்களின் மாறும் வட்டித் தவணைக் கடன்கள் அனைத்துக்கும் விரிந்தது. தொழில் நோக்கக் கடன்களுக்கு இது பொருந்தாது என 2019இல் தெளிவாக்கப்பட்டது.

2025 ஜூலையில் வெளியான நெறிமுறைகள், 2026 ஜனவரி 1 முதல் ஒப்பளிக்கப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் கடன்களுக்கு உரியவை. இவற்றின்படி, தொழில் அல்லாத நோக்கத்திற்காகத் தனிநபர் பெறும் மாறும் வட்டிக் கடனுக்கு எந்த நிறுவனமும் முன்கூட்டியே அடைப்பதற்கான கட்டணம் விதிக்க இயலாது. தனிநபரும் சிறு, குறு நிறுவனங்களும் தொழிலுக்காகப் பெறும் மாறும் வட்டிக் கடனுக்கும், வணிக வங்கிகள் உள்ளிட்ட குறிப்பிட்ட வகை நிறுவனங்கள் அக்கட்டணம் விதிக்க இயலாது. நிலையான வட்டிக் கடன்களுக்குக் கட்டணம் இருக்கலாம்.

வகைகள்

ஒரே நிறுவனத்தில் வட்டி மாற்றம்

கடன்காரர் தம் பழைய நிறுவனத்திடமே விண்ணப்பித்து, ஒரு மாற்றுக்கட்டணம் செலுத்தி, குறைந்த வட்டிக்கோ புதிய அளவுகோலுக்கோ மாறுவது இவ்வகை. புதிய சட்ட ஆய்வோ, மதிப்பீடோ, அடமானப் பதிவோ தேவைப்படாததால் இதுவே செலவு குறைந்தது. வேறு நிறுவனம் ஒன்றின் எழுத்து மூலமான வட்டி அறிவிப்பைக் காட்டிய பின்னர் பழைய நிறுவனம் இறங்கி வருவதும் உண்டு. பிற வகைகளை ஆராயும் முன் இதனைக் கேட்டுப் பார்ப்பது வழக்கம்.

நிலுவைக் கடன் மாற்றம்

எஞ்சியுள்ள அசலை மட்டும் புதிய நிறுவனம் ஏற்று, பழைய நிறுவனத்துக்குச் செலுத்திவிடும். சொத்து ஆவணங்கள் புதிய நிறுவனத்தின் காவலுக்கு மாறும். இது வீட்டுக்கடனாகவே கருதப்படுவதால் வட்டி குறைவு. தவணை தவறாது செலுத்திய பதிவும் நல்ல கடன் மதிப்பெண்ணும் எதிர்பார்க்கப்படும்.

கூடுதல் கடன் (டாப்-அப்)

நிலுவைத் தொகைக்கு மேல், அதே சொத்தின் ஈட்டில் மேலும் ஒரு தொகை பெறுவது கூடுதல் கடன். இதன் வட்டி வழக்கமாக வீட்டுக்கடனைவிடச் சற்றுக் கூடுதலாகவும் தனிநபர் கடனைவிடக் குறைவாகவும் இருக்கும். வீட்டுக்குக் கூரை மாற்றுதல், கழிவறை கட்டுதல், மாடி எழுப்புதல் போன்ற பணிகளுக்கு இது பொருந்தும். இத்தகைய கடன்களில் கடன்–மதிப்பு விகிதமும் பணத்தின் இறுதிப் பயன்பாடும் சரிவரக் கண்காணிக்கப்படாதது குறித்து 2024 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி எச்சரித்தது.

சொத்து ஈட்டுக் கடன்

கடன் ஏதும் இல்லாத சொத்தை அடமானமாக வைத்து, எந்த முறையான நோக்கத்துக்கும் பெறும் கடன் இது. வீட்டுக்கடனைவிட வட்டி கூடுதல். தவணைக் காலம் குறைவு. சொத்து மதிப்பில் சிறிய பங்கே கடனாகக் கிடைக்கும். தொழில் செய்வோர், மருத்துவம், கல்வி ஆகியவற்றுக்குப் பெருந்தொகை தேவைப்படுவோர் இதனை நாடுகின்றனர். ஏற்கனவே உள்ள வீட்டுக்கடனை இவ்வகைக் கடனாக மாற்றினால் வட்டிச் சலுகையும், பின்னர் விளக்கப்படும் வரிச் சலுகையும் கைவிட்டுப் போகக்கூடும்.

வாடகை வருவாய்க் கடன்

எதிர்காலத்தில் வரவேண்டிய ஒப்பந்த வாடகையின் இன்றைய மதிப்பைக் கணக்கிட்டு அதன் அடிப்படையில் வழங்கப்படும் கடன் இது. குத்தகைதாரர் வாடகையை நேரடியாகக் கடன் நிறுவனத்தின் கண்காணிப்பில் உள்ள கணக்கில் செலுத்துவார். தவணை கழிந்த எஞ்சிய தொகை உரிமையாளருக்குச் சேரும். வங்கிக் கிளை, அரசு அலுவலகம், பெரிய நிறுவனம் போன்ற உறுதியான குத்தகைதாரரும் நீண்டகாலப் பதிவு ஒப்பந்தமும் இதற்கு இன்றியமையாதவை. சரக்குப் பெட்டக நிலையத்துக்கோ கிடங்குக்கோ நிலத்தைக் குத்தகைக்கு விட்டவருக்கு இது பொருந்தும். மாத வாடகைக் குடித்தனங்களுக்குப் பொருந்தாது.

போக்கியம்

சென்னை வட்டாரத்தில் "லீஸ்" என்று வழங்கும் முறையில், வீட்டு உரிமையாளர் குடியிருப்பவரிடம் ஒரு பெருந்தொகையைப் பெற்றுக்கொண்டு மாத வாடகை வாங்காமல் வீட்டை விடுவார். காலம் முடிந்ததும் தொகையைத் திருப்பித் தருவார். இத்தொகையைக் கொண்டு வங்கிக் கடனை அடைப்போர் உண்டு. வங்கி ஏட்டில் வராவிடினும் இதுவும் ஒரு மறுகடனே. வட்டிக்கு ஈடாக வீட்டை அனுபவிக்கும் உரிமை தரப்படுகிறது.

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தின் 58ஆம் பிரிவு இத்தகைய அனுபவ அடமானத்தை வரையறுக்கிறது. நூறு ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட தொகைக்கான அனுபவ அடமானம் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது 59ஆம் பிரிவு. ஏற்கனவே வங்கியில் அடமானம் உள்ள வீட்டைப் போக்கியத்துக்கு விடுவதாயின் வங்கியின் எழுத்து மூலமான இசைவு தேவை. இசைவின்றி விடப்பட்ட வீடு ஏலத்துக்கு வரும் நிலையில், போக்கியப் பணம் கொடுத்துக் குடியிருப்பவரே பெரிதும் பாதிக்கப்படுவார். போக்கியத் தொகை வருவாய் அன்று, கடன் என்பதை உரிமையாளரும் நினைவிற்கொள்ள வேண்டும். அடுத்த போக்கியதாரர் கிடைக்காவிடில் முழுத் தொகையையும் ஒரே நாளில் திருப்பித் தர நேரும்.

கணக்கு எடுத்துக்காட்டு

ஒருவருக்கு 30 இலட்சம் ரூபாய் நிலுவை உள்ளது, எஞ்சிய காலம் 15 ஆண்டுகள், வட்டி 9.5 விழுக்காடு எனக் கொள்வோம். வேறு வங்கி 8.25 விழுக்காட்டில் கடனை ஏற்க முன்வருகிறது.

- மாற்றமின்றித் தொடர்ந்தால்: மாதத் தவணை 31,327 ரூபாய், 15 ஆண்டுகளில் செலுத்தும் மொத்தத் தொகை ஏறத்தாழ 56.39 இலட்சம்.
- 8.25 விழுக்காட்டில், அதே 15 ஆண்டுகளுக்கு மாறினால்: மாதத் தவணை 29,104 ரூபாய், மொத்தம் ஏறத்தாழ 52.39 இலட்சம்.
- 8.25 விழுக்காட்டில், 20 ஆண்டுகளுக்கு மாறினால்: மாதத் தவணை 25,562 ரூபாய், மொத்தம் ஏறத்தாழ 61.35 இலட்சம்.

இரண்டாவது தெரிவில் சுமார் 4 இலட்சம் ரூபாய் மிச்சமாகிறது. மூன்றாவது தெரிவில் வட்டி வீதம் அதுவே; மாதத் தவணை மிகக் குறைவு; ஆயினும் பழைய கடனைத் தொடர்வதைவிடச் சுமார் 4.96 இலட்சம் ரூபாய் கூடுதலாகச் செலுத்த நேர்கிறது. "தவணை குறைகிறது" என்னும் கூற்றும் "கடன் மலிவாகிறது" என்னும் கூற்றும் ஒன்றல்ல என்பதை இக்கணக்கு காட்டுகிறது. கடன் மாற்றத்தின்போது புதிய நிறுவனம் நீண்ட காலத்தை முன்மொழிவது வழக்கமாதலால், எஞ்சிய காலத்தை மாற்றாமல் வைக்குமாறு விண்ணப்பத்திலேயே கேட்க வேண்டும்.

மாறாக, நிலுவை 6 இலட்சமாகவும் எஞ்சிய காலம் 4 ஆண்டுகளாகவும் இருந்து, வட்டி 9 விழுக்காட்டிலிருந்து 8.5 விழுக்காடாகக் குறைந்தால், மாதத்துக்கு 142 ரூபாய் மட்டுமே மிச்சம். நான்கு ஆண்டுகளில் அது 6,816 ரூபாய். பரிசீலனைக் கட்டணம், சட்டக் கருத்துரை, மதிப்பீடு, அடமானப் பதிவு ஆகியவற்றின் செலவு இம்மிச்சத்தை எளிதில் விழுங்கிவிடும். மாதத் தவணைக் கடனில் வட்டியின் பெரும்பங்கு தொடக்க ஆண்டுகளிலேயே செலுத்தப்பட்டுவிடுவதால், கடனின் முற்பகுதியில் செய்யும் மாற்றமே பயன் தரும்.

செலவைத் தவணை மிச்சத்தால் வகுத்தால், எத்தனை மாதங்களில் செலவு மீளும் என்பது தெரியும். செலவு 40,000 ரூபாய் எனவும் மாத மிச்சம் 2,223 ரூபாய் எனவும் கொண்டால் அது 18 மாதங்களாகும். அதற்குள் சொத்தை விற்கும் எண்ணம் உள்ளவர் கடனை மாற்றுவதில் பயனில்லை.

காட்டுப்பள்ளி வட்டாரத்தில் வாடகைச் சொத்து

காட்டுப்பள்ளி, திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில், எண்ணூர் கழிமுகத்துக்கு வடக்கே வங்கக் கடலோரம் அமைந்த ஊர். 2010இல் மீஞ்சூர் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் இங்குத் திறக்கப்பட்டது. காட்டுப்பள்ளித் துறைமுகம் 2013 முதல் இயங்கி வருகிறது. அதன் தெற்கே, 2001இல் தொடங்கப்பட்ட எண்ணூர் (காமராசர்) துறைமுகமும், வடசென்னை அனல்மின் நிலையம், வல்லூர் அனல்மின் நிலையம் ஆகியனவும் உள்ளன. மேலும் தெற்கே எண்ணூர், திருவொற்றியூர், இராயபுரம் என்று தொழிற்பகுதி நீள்கிறது.

இவ்வட்டாரத்தில் வாடகைச் சொத்து என்பது பெரும்பாலும் அடுக்குமாடிக் குடியிருப்பாக இருப்பதில்லை. ஒரே மனையில் வரிசையாகக் கட்டப்பட்ட "லைன் வீடு"களும், கீழ்த்தளத்தில் உரிமையாளரும் மேல்தளத்தில் இரண்டு மூன்று குடித்தனங்களும் உள்ள வீடுகளுமே மிகுதி. துறைமுகம், மின்நிலையம், சரக்குப் பெட்டக நிலையம் ஆகியவற்றில் பணிபுரியும் ஒப்பந்தத் தொழிலாளர், ஓட்டுநர், பிற மாநிலத் தொழிலாளர் ஆகியோர் இவற்றில் குடியிருக்கின்றனர். மறுகடன் தெரிவில் இதனால் எழும் சிக்கல்கள் மூன்று.

வாடகைக்குச் சான்று இல்லாமை

வாடகை கையில் பணமாகப் பெறப்பட்டு, ஒப்பந்தம் எழுதப்படாமல், வருமான வரிக் கணக்கிலும் காட்டப்படாமல் இருந்தால், மாதம் 20,000 ரூபாய் வாடகை வந்தாலும் கடன் நிறுவனம் அதனை வருவாயாக ஏற்காது. எழுத்து மூலமான ஒப்பந்தம், வங்கிக் கணக்கில் வாடகை வரவு, வருமான வரிக் கணக்கு ஆகிய மூன்றும் இணைந்தே வாடகையை மெய்ப்பிக்கின்றன. தமிழ்நாட்டில் 2019 பெப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள, நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் தொடர்பான 2017ஆம் ஆண்டுச் சட்டம், வாடகை ஒப்பந்தங்கள் எழுத்து மூலமாக இருக்க வேண்டும் எனவும் வாடகை ஆணையரிடம் பதிவு செய்யப்பட வேண்டும் எனவும் விதிக்கிறது. மறுகடன் பெற எண்ணுபவர் ஓராண்டுக்கு முன்னரே வாடகையை வங்கி வழியாகப் பெறத் தொடங்குவது நன்று.

வருவாயின் ஏற்ற இறக்கம்

தொழிற்பகுதியில் வாடகைத் தேவை வேலைவாய்ப்பைப் பின்தொடர்கிறது. கட்டுமானப் பணி நடக்கும் ஆண்டுகளில் அறைகள் நிரம்பி வழியும். பணி முடிந்து ஒப்பந்தக்காரர் வெளியேறியதும் காலியாகும். 1970களில் இருந்து இயங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. 2023 டிசம்பரில் மிச்சாங் புயல் வெள்ளமும் எண்ணூர் கழிமுக எண்ணெய்க் கசிவும், அம்மாத இறுதியில் பெரியகுப்பம் அருகே அமோனியா வாயுக் கசிவும் அடுத்தடுத்து நிகழ்ந்தன. ஒரே தொழிலைச் சார்ந்த வட்டாரத்தில் எல்லாக் குடித்தனங்களும் ஒரே நேரத்தில் காலியாகக் கூடும்.

ஒவ்வொன்றும் 5,000 ரூபாய் வீதம் நான்கு குடித்தனங்கள் உள்ள வீட்டின் மீது, மேற்கூறிய 29,104 ரூபாய்த் தவணை உள்ளதெனக் கொள்வோம். நான்கும் நிரம்பியிருந்தாலே மாதம் 9,104 ரூபாயை உரிமையாளர் தம் கையிலிருந்து போட வேண்டும். இரண்டு காலியானால் அது 19,104 ரூபாயாகும். அவருடைய சம்பளமோ ஓய்வூதியமோ இதனைத் தாங்குமா என்பதே மறுகடனின் உண்மையான சோதனை. தாங்காதெனில் நீண்ட தவணைக் காலத்தைத் தெரிவு செய்து, கைவசம் பணம் உள்ளபோதெல்லாம் அசலில் ஒரு பகுதியை முன்கூட்டியே செலுத்துவது பாதுகாப்பானது. தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக்கடனில் இதற்குக் கட்டணம் இல்லை. இவ்வாறு செய்பவருக்கு முன்னர்க் காட்டிய கூடுதல் வட்டிச்சுமையும் குறையும். ஆறு மாதத் தவணைக்கு நிகரான தொகையைத் தனியே வைத்திருப்பது மற்றொரு காப்பு.

நிலத்தின் சட்டநிலை

கடன் நிறுவனம் ஏற்பது வீட்டை மட்டுமன்று, அதன் ஆவணத் தொடரையும் ஆகும். அங்கீகாரம் பெறாத மனை, கட்டட அனுமதியைவிடக் கூடுதலாக எழுப்பிய தளம், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வரும் நிலம் ஆகியவற்றின் மீதான விண்ணப்பங்கள் இவ்வட்டாரத்தில் தடைப்படக்கூடும். 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவான அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் தமிழ்நாடு அரசு விதிகள் வெளியிட்டது. வரன்முறைச் சான்று உள்ள மனைக்கே வங்கிகள் முன்னுரிமை தருகின்றன.

காட்டுப்பள்ளித் துறைமுகத்தைச் சுமார் 330 ஏக்கரிலிருந்து சுமார் 6,110 ஏக்கராக விரிவாக்கும் முன்மொழிவு மீனவர்களின் எதிர்ப்பைச் சந்தித்தது. 2021இலும் 2023இலும் அறிவிக்கப்பட்ட பொதுக் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் ஒத்திவைக்கப்பட்டன. இத்தகைய திட்டங்களுக்காக அடமானச் சொத்து கையகப்படுத்தப்பட்டால், இழப்பீட்டுத் தொகையிலிருந்து கடனைப் பெறும் உரிமை முதலில் கடன் கொடுத்தவருக்கு உண்டு என்கிறது சொத்து மாற்றச் சட்டத்தின் 73ஆம் பிரிவு. நிலத்தின் மீது பெரிய கூடுதல் கடன் பெற்றவருக்கு இழப்பீட்டில் எஞ்சுவது குறைவாகவே இருக்கும்.

வரி விளைவுகள்

வருமான வரிச் சட்டம், 1961இன் 24ஆம் பிரிவின்படி, ஆண்டு வாடகையிலிருந்து செலுத்திய சொத்துவரியைக் கழித்து, எஞ்சியதில் 30 விழுக்காட்டை நிலையான கழிவாகப் பெறலாம். வாடகைக்கு விட்ட சொத்தை வாங்கவோ, கட்டவோ, பழுதுபார்க்கவோ பெற்ற கடனின் வட்டியையும் கழிக்கலாம். தாமே குடியிருக்கும் வீட்டுக்கு உள்ள 2 இலட்சம் ரூபாய் வட்டி வரம்பு வாடகை வீட்டுக்கு இல்லை. எனினும் பழைய வரிமுறையில், வீட்டுச் சொத்து இழப்பை ஓராண்டில் 2 இலட்சம் ரூபாய் வரையே பிற வருவாய்களில் ஈடுசெய்யலாம். மிகுதியை எட்டு ஆண்டுகள் வரை முன்கொண்டு செல்லலாம். புதிய வரிமுறையில் இவ்விழப்பைச் சம்பளம் போன்ற பிற வருவாயில் ஈடுசெய்ய இயலாது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில், 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் வகையில் வருமான வரிச் சட்டம், 2025 இயற்றப்பட்டது.

எடுத்துக்காட்டாக, ஆண்டு வாடகை 2,40,000 ரூபாய், சொத்துவரி 6,000 ரூபாய் எனில், 30 விழுக்காட்டுக் கழிவுக்குப் பின் எஞ்சுவது 1,63,800 ரூபாய். 8.25 விழுக்காட்டுக் கடனின் முதலாண்டு வட்டி ஏறத்தாழ 2,43,600 ரூபாய். இதனால் தோன்றும் ஏறத்தாழ 79,800 ரூபாய் இழப்பு பழைய வரிமுறையில் சம்பளத்தின் மீதான வரியைக் குறைக்கும். புதிய முறையில் குறைக்காது.

பழைய வீட்டுக்கடனை அடைப்பதற்காகவே பெற்ற புதிய கடனின் வட்டிக்கும் கழிவு உண்டு என மத்திய நேரடி வரிகள் வாரியம் 1969 ஆகஸ்ட் 20 நாளிட்ட சுற்றறிக்கையில் தெளிவுபடுத்தியது. ஆனால் கூடுதல் கடனைத் திருமணத்துக்கோ வாகனத்துக்கோ செலவிட்டால் அப்பகுதியின் வட்டிக்குக் கழிவு இல்லை. ஆகவே நிலுவைக் கடனையும் கூடுதல் கடனையும் தனித்தனிக் கணக்குகளாக வைத்து, கட்டுமானச் செலவுக்கான பற்றுச்சீட்டுகளைப் பேணுவது தேவையாகும்.

நடைமுறைப் படிகள்

1. பழைய நிறுவனத்திடம் நிலுவைச் சான்றும், அதன் காவலில் உள்ள ஆவணங்களின் பட்டியலும் பெறுதல்.
2. புதிய நிறுவனத்திடம் விண்ணப்பித்தல். மூலப் பத்திரங்கள், பட்டா, வில்லங்கச் சான்று, கட்டட அனுமதி, சொத்துவரி இரசீது, வாடகை ஒப்பந்தம் ஆகியன கேட்கப்படும்.
3. வழக்கறிஞரின் சட்டக் கருத்துரையும் பொறியாளரின் மதிப்பீடும்.
4. ஒப்பளிப்புக் கடிதத்தில் அளவுகோல், அதற்கு மேல் சேர்க்கப்படும் வீதம், மறுநிர்ணய இடைவெளி, தவணைக் காலம் ஆகியவற்றைச் சரிபார்த்தல்.
5. புதிய நிறுவனம் பழைய நிறுவனத்துக்குத் தொகையைச் செலுத்துதல், ஆவணங்கள் கைமாறுதல்.
6. பழைய அடமானம் தீர்ந்ததற்கான இரசீது ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தல். புதிய நிறுவனத்தின் பெயரில் உரிமை ஆவண ஒப்படைப்பைப் பதிவு செய்தல்.

ஆறாம் படியை விட்டுவிட்டால் பழைய கடன் வில்லங்கச் சான்றில் தொடர்ந்து காட்டப்படும். பல ஆண்டுகளுக்குப் பின் சொத்தை விற்கும்போது அது தடையாகும். உரிமை ஆவணங்களை ஒப்படைத்து அடமானம் செய்யும் முறையைச் சொத்து மாற்றச் சட்டம் தொடக்கத்திலேயே கல்கத்தா, சென்னை, பம்பாய் நகரங்களுக்கு வழங்கியிருந்தது. பின்னர் மாநில அரசுகள் அறிவித்த பிற ஊர்களுக்கும் அது விரிந்தது.

கடன் முழுவதும் தீர்ந்த 30 நாள்களுக்குள் மூல ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும் எனவும், நிறுவனத்தின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் எனவும் ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் ஆணையிட்டது. இது 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது.

தவணை தவறினால்

தவணை 90 நாள்களுக்கு மேல் நிலுவையானால் கடன் செயலற்ற சொத்தாக வகைப்படுத்தப்படும். 2002ஆம் ஆண்டின் சர்பாசி சட்டப்படி, கடன் நிறுவனம் 60 நாள் அறிவிப்புக் கொடுத்து, நீதிமன்ற வழக்கின்றியே சொத்தைக் கைப்பற்றி ஏலம் விடலாம். அறிவிப்புக்குப் பின் நிறுவனத்தின் இசைவின்றிச் சொத்தை விற்கவோ, புதிதாகக் குத்தகைக்கு விடவோ இயலாது. கைப்பற்றும் நடவடிக்கையை எதிர்த்து 45 நாள்களுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். வட்டி மாறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் இணைப்பதா எனத் தெரிவு செய்யும் வாய்ப்பைக் கடன்காரருக்குத் தர வேண்டும் என 2023 ஆகஸ்டில் வெளியான விதி கூறுகிறது. வாடகை குறையும் காலத்தில் இவ்வாய்ப்பை முன்னதாகவே பயன்படுத்துவது, தவணை தவறிய பின் பேசுவதைவிட மேலானது.

தெரிவுச் சுருக்கம்

- வட்டி மட்டுமே கூடுதல்; வேறு பணத்தேவை இல்லை: முதலில் ஒரே நிறுவனத்தில் வட்டி மாற்றம்; இயலாவிடில், எஞ்சிய காலத்தை மாற்றாமல் நிலுவைக் கடன் மாற்றம்.
- வாடகை வீட்டைப் பழுதுபார்க்கவோ விரிவாக்கவோ பணம் தேவை: தனிக் கணக்கில் கூடுதல் கடன்.
- சொத்தில் கடன் இல்லை. தொழிலுக்கோ குடும்பத்துக்கோ பெருந்தொகை தேவை: சொத்து ஈட்டுக் கடன்.
- நிறுவனக் குத்தகைதாரரும் நீண்டகாலப் பதிவு ஒப்பந்தமும் உண்டு: வாடகை வருவாய்க் கடன்.
- எஞ்சிய காலம் குறைவு, அல்லது சொத்தை விரைவில் விற்கும் எண்ணம்: பழைய கடனைத் தொடர்ந்து, இயன்றபோது அசலை முன்கூட்டியே செலுத்துதல்.
- வாடகைக்குச் சான்று இல்லை: கடன் மாற்றத்தை ஓராண்டு தள்ளிவைத்து, ஒப்பந்தத்தையும் வங்கி வரவையும் சீர்செய்தல்.

இவற்றையும் பார்க்க

- அடமானம்
- கூட்டு வட்டி
- ரெப்போ வீதம்
- இந்திய ரிசர்வ் வங்கி
- வில்லங்கச் சான்று
- காட்டுப்பள்ளித் துறைமுகம்